ஏற்காடு ஏறும் வண்டிக்கு எந்த கேம்?

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எஞ்சின் பவரைப் பார்க்க டைனோ மெஷின் தேடி அலைய வேண்டியதில்லை. கோரிமேடு தாண்டினால் அடிவாரம், அதற்கப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. எஞ்சினில் யார் எங்கே கைவைத்திருந்தாலும் நாலாவது வளைவுக்குள் தெரிந்துவிடும்.

"அண்ணா, பவர் ஏத்தணும்" என்று வருகிற பையன்களிடம் நான் முதலில் கேட்பது, "எங்கே ஓட்டுவே தம்பி?" என்றுதான். இந்தக் கேள்வி அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பவர் என்றால் பவர்தானே, ஓமலூர் ரோட்டுக்கு ஒன்று, ஏற்காடு ரோட்டுக்கு ஒன்றா என்பார்கள். ஆமாம், அப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்கு. பவர் என்பது டார்க்கையும் (எஞ்சின் திருப்பும் பலம்) சுழற்சியையும் பெருக்கி வருவது. 8 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்கிற எஞ்சின் 4,000 ஆர்.பி.எம்.-ல் (நிமிடத்துக்கு 4,000 சுற்று) ஓடினால் நாலரை குதிரைத்திறன். அதே 8 நியூட்டன் மீட்டரை 8,000 வரை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் 9 குதிரைத்திறன். விளம்பரத்தில் போடுவது அந்த உச்சி எண்ணைத்தான். கேமையும் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் மூக்கு உள்ள தண்டு) இன்டேக்கையும் (காற்று உள்ளே போகும் வழி) மாற்றி அந்த எண்ணை 11 ஆக்குவது பெரிய வித்தையில்லை. ஆனால் கொண்டை ஊசியில் செகண்ட் கியரில் வளைந்து வெளியே வரும்போது எஞ்சின் 3,000, 3,500-ல்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே 8 இருந்த டார்க் 6 ஆகிவிட்டால், மேலே கூடியதை வைத்து என்ன செய்வது?

போன வருஷம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பையன் வந்தான். 150 சிசி கார்பரேட்டர் வண்டி. ஆன்லைனில் வாங்கிய ரேஸ் கேம் ஒன்றை வேறு எங்கோ கொடுத்து மாட்டியிருந்தான். காற்று வடிகட்டி இருக்கும் ஏர் பாக்ஸைக் கழற்றி வீசிவிட்டு, கார்பரேட்டர் வாயிலேயே ஒரு கூம்பு ஃபில்டர். ஓமலூர் ரோட்டில் 7,000-க்கு மேல் வண்டி பறக்கிறது என்று அவனே சொன்னான், பொய்யில்லை, நானும் ஓட்டிப் பார்த்தேன். ஆனால் ஏற்காடு போனபோது ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பின்சீட்டு நண்பனை இறக்கி நடக்கவிட்டுத்தான் ஏழாவது வளைவைத் தாண்டினானாம். "ஸ்டாக் கேம்ல டபுள்ஸ் அடிச்சு ஏறியிருக்கேண்ணா" என்று வேறு சொன்னான், கம்பெனி கேமைத்தான் ஸ்டாக் என்கிறான். அதுவும் பொய்யில்லை.

ஹெட் கவரைத் திறந்து கேமைக் கழற்றி, அவன் பையில் வைத்திருந்த பழைய கேமையும் வாங்கி, இரண்டையும் பேப்பர் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெர்னியரில் பார்த்தால் மூக்கின் உயரத்தில் அரை மில்லி மீட்டர்தான் வித்தியாசம். பையன்கள் அந்த உயரத்தைத்தான் பார்ப்பார்கள், வால்வு எவ்வளவு தூக்குகிறது என்று. கவனிக்க வேண்டியது அகலம். பழைய கேமின் மூக்கு ஒடுங்கி இறங்கியது. புதியதன் தோள் இரண்டு பக்கமும் தடித்து, வட்டத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அதாவது வால்வு சீக்கிரம் திறந்து ரொம்ப லேட்டாக மூடும்.

அந்த லேட்டாக மூடுவதில்தான் மலையேற்றத்தின் தலையெழுத்து இருக்கிறது. இன்டேக் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்ட உடனே மூடாது. பிஸ்டன் திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் கொஞ்சம் திறந்தே இருக்கும். வேகமாக வரும் காற்றுக்கு ஒரு உந்துதல் இருப்பதால், பிஸ்டன் ஏறினாலும் அது உள்ளே வந்துகொண்டே இருக்கும், அதைப் பிடித்து அடைப்பதற்குத்தான் இந்தத் தாமதம். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டில் கோணம் காட்டும் டிகிரி தட்டு போட்டு, வால்வு ஒரு மில்லி தூக்கியிருக்கும் நிலையை வைத்து அளந்ததில் பழைய கேம் அடிமட்டத்துக்கு அப்புறம் 35 டிகிரியில் மூடியது, புதியது 60 டிகிரியில்.

கேட்கும்போது சின்ன வித்தியாசமாகத் தெரியும். 50 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) உள்ள எஞ்சின் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 டிகிரியில் பிஸ்டன் மூன்றரை மில்லிதான் ஏறியிருக்கும். 60 டிகிரியில் பத்து மில்லி ஏறிவிடும். ஸ்ட்ரோக்கில் ஐந்தில் ஒரு பங்கு, வால்வு திறந்த நிலையிலேயே வீணாகிறது. 8,000-ல் உறிஞ்சும் ஸ்ட்ரோக்குக்குக் கிடைப்பது நாலு மில்லி செகண்டுக்கும் குறைவு. காற்று அடித்துப் பிடித்து வருவதால் இந்தத் தாமதம் லாபம். 3,000-ல் பத்து மில்லி செகண்ட் கிடைக்கிறது, காற்று சாவகாசமாக வந்து நிரம்பிவிடும், அப்புறம் ஏறும் பிஸ்டன் அதை வந்த வழியே திருப்பி அனுப்பும். நம் பழைய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறுவது மாதிரிதான். கூட்டம் முட்டிக்கொண்டு வரும்போது கடைசி நொடி வரை கதவு திறந்திருந்தால் இன்னும் நாலு பேர் ஏறுவார்கள். கூட்டமில்லாத நேரத்தில் அதே மாதிரி திறந்து வைத்தால் ஏறியவர் இறங்கிப் போய்விடுவார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, ஓவர்லேப். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு மூடும் முன்பே இன்டேக் திறந்துவிடும் இடம். தோள் அகன்ற கேமில் இது நீளும். உயர்ந்த சுற்றில் வெளியேறும் புகை புதுக் காற்றை இழுத்துக் கொடுக்கும். ஐடிலில் புகை இன்டேக்குக்குள் ஏறும், அதனால்தான் அந்த வண்டிகள் சிக்னலில் நிற்கும்போது விட்டு விட்டு அடித்துக்கொள்கின்றன. அந்தச் சத்தத்துக்காகவே கேம் மாற்றுகிறவர்களும் உண்டு. அவர்களோடு நான் விவாதிப்பதில்லை.

அளந்து பார்த்த பிறகு அவன் வண்டியில் அதே ரேஸ் கேமைத் திரும்ப மாட்டினேன், முதலில் கேமை மாற்றவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. பழைய ஏர் பாக்ஸை ரப்பர் பைப்போடு திரும்ப மாட்டி அனுப்பினேன். அதற்கே 4,000 பக்கம் இழுவை திரும்பியது. முழுசாக இல்லை, ஆனால் நண்பன் இறங்க வேண்டியதில்லை.

ஏர் பாக்ஸ் என்பது கம்பெனிக்காரன் சத்தத்தை அடக்க மட்டும் வைத்த டப்பா என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்த ரப்பர் பைப்பின் நீளத்தில் கணக்கு இருக்கிறது. வால்வு திறந்து பிஸ்டன் இழுக்கும்போது ஒரு தாழ்வழுத்த அலை பைப் வழியே வெளியே ஓடுகிறது. திறந்த முனையைத் தொட்டதும் உயர் அழுத்த அலையாக மாறித் திரும்பி வருகிறது. வால்வு மூடப்போகும் தறுவாயில் அது வந்து சேர்ந்தால், கொஞ்சம் காற்றை உபரியாக உள்ளே தள்ளிவிடும். இந்த அலை ஓடுவது ஒலியின் வேகத்தில், நம் ஊர் வெயிலில் நொடிக்கு 350 மீட்டர் பக்கம். வால்விலிருந்து பைப் வாய் வரை 25 சென்டிமீட்டர் என்றால், போய்த் திரும்ப ஒன்றரை மில்லி செகண்ட் கூட ஆகாது. அந்த நேரத்தில் கிராங்க் 3,500-ல் 30 டிகிரி சுற்றும், 7,000-ல் 60 டிகிரி சுற்றும். ஆக, ஒரு நீளத்துக்கு ஒரு சுழற்சி வட்டாரத்தில்தான் அலை சரியாக வந்து கைகொடுக்கும். பைப்பை வெட்டினால் அந்த உதவி மேல் சுற்றுக்கு நகர்ந்துவிடும். பைப்பே இல்லாமல் கார்பரேட்டர் வாயில் கூம்பு ஃபில்டரைச் செருகினால் எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கூம்பு ஃபில்டரில் இன்னொரு தொல்லை சூடு. ஏர் பாக்ஸ் சீட்டுக்கு அடியிலிருந்து காற்றை எடுக்கும். கூம்பு, சிலிண்டருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து அதன் அனலைக் குடிக்கும். நம் வெயிலில், உள்ளே போகும் காற்று மூன்று டிகிரி சூடானால் ஏறக்குறைய ஒரு சதவீதம் அடர்த்தி போகும். சித்திரை மாதம், பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்கிற வண்டியில், ஃபில்டர் பக்கத்துக் காற்று வெளிக்காற்றை விட இருபது டிகிரி கூட இருந்தால் ஆச்சரியமில்லை.

போர்ட் பாலிஷ் பற்றியும் கேட்பார்கள். இன்டேக் போர்ட்டைக் கண்ணாடியாக்குவது வீண் வேலை, பெட்ரோல் துளிகள் சுவரில் ஒட்டி வழியும். ஹெட்டும் பைப்பும் சேரும் இடத்தில் கேஸ்கெட் விளிம்பு உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் அதை வெட்டிச் சமப்படுத்துவதில்தான் நிஜமான பலன். போர்ட்டை அகலப்படுத்தினால் காற்றின் வேகம் செத்துவிடும். மலைக்கு ஆகாது. பெரிய கார்பரேட்டருக்கும் இதே பதில்.

ஆன்லைன் கேம் கதையை விட அதிகம் பார்ப்பது வேறொன்று: ஸ்டாக் கேம்தான், ஆனால் எஞ்சினுக்குள் கேமைச் சுற்றும் டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டியது. ஏற்காட்டில் நாகலூர் பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கும் பெரியவர் ஒருவர் ஸ்ப்ளெண்டர் வைத்திருக்கிறார். எங்கோ செயின் மாற்றிய பிறகு வண்டி ஏறவே மாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்தார். "தம்பி, கிக்கர் மிதிச்சா காலுக்கே தெரியல, வெறும் காத்துல மிதிக்கிற மாதிரி இருக்கு" என்றார். பாதி வேலையை அந்த ஒரு வாக்கியத்திலேயே அவர் முடித்துவிட்டார். கம்ப்ரஷன் இல்லை, அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகவில்லை. ரிங்கா, வால்வா, டைமிங்கா என்பதுதான் மீதி.

பிளக் ஓட்டை வழியாக ஒரு மூடி எண்ணெய் விட்டு, அழுத்தம் காட்டும் கேஜ் வைத்தேன். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் விட்டதும் அழுத்தம் ஏறும். ஏறவில்லை. அப்புறம் மேக்னெட் மூடியைத் திறந்து, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியை கேஸில் இருக்கும் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, ஹெட்டில் பார்த்தால், கேமின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் 'ஓ' குறி வெட்டுக்கு நேரே நிற்காமல் ஒரு பல் பின்தங்கி நின்றது. 28 பல் உள்ள ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்பது கேமில் 13 டிகிரி. கேம் ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதால், கிராங்க் கணக்கில் 26 டிகிரி. ரேஸ் கேமுக்கும் ஸ்டாக் கேமுக்கும் பார்த்தோமே 25 டிகிரி வித்தியாசம், அதே அளவு, ஒரு பைசா செலவில்லாமல் அவருக்குக் கிடைத்திருக்கிறது! மேல்சுற்று லாபம் மட்டும் இல்லை, ஏனென்றால் எக்ஸாஸ்டும் சேர்ந்து பின்னால் போய்விட்டது.

செயின் மாற்றிய பிறகு பலர் செய்யாத ஒரு சோதனை: செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை மாட்டிவிட்டு, கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பார்ப்பது. டென்ஷனர் செயினை இழுக்கும்போது கேம் லேசாக அசையும். மாட்டும்போது சரியாக இருந்தது, இழுத்தபின் ஒரு பல் ஓடியிருக்கும். குறி சரியாக வரும்போது வால்வைத் தள்ளும் இரண்டு ராக்கரும் லூசாக ஆடவேண்டும், அப்போதுதான் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். செயின் நீண்டு தேய்ந்தாலும் கேம் இதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். "வண்டி பழசாயிடுச்சு, அதான் இழுக்கல" என்று சொல்லும் வண்டிகளில் சிலவற்றுக்குப் புது செயின் போட்டாலே போதும்.

ரைட்டர் வண்டிக்கு அதோடு நிற்கவில்லை. அவர் கீழே இறங்குவதே அபூர்வம், ஓட்டம் எல்லாம் எஸ்டேட் ரோட்டில், பின்னால் எப்போதும் ஒரு மூட்டை. இன்னும் கொஞ்சம் கீழ் இழுவை வேண்டும் என்றார். கேமை கிராங்க்கில் 4 டிகிரி முன்னால் தள்ளினேன், அதாவது கேமில் 2 டிகிரி. இன்டேக் வால்வு அந்த அளவு சீக்கிரம் மூடும், அடிச்சுற்றில் காற்று திரும்பிப் போவது குறையும். மேலே கொஞ்சம் போகும், அது அவருக்குத் தேவையில்லாதது. ஸ்ப்ராக்கெட்டைக் கேமோடு பிடித்திருக்கும் போல்ட் ஓட்டைகளை உருட்டு அரத்தால் நீளவாக்கில் ராவ வேண்டும். போல்ட் நிற்கும் வட்டத்தின் ஆரம் 15 மில்லி என்றால், 2 டிகிரிக்கு அரை மில்லிதான். அரத்தை நாலு இழுப்பு கூட இழுத்தால் அளவு தாண்டிவிடும்.

இதைச் செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். முதலாவது, நிஜமான மேல்மட்டம் எது என்று கண்டுபிடிக்காமல் டிகிரி தட்டைத் தொடாதீர்கள். பிஸ்டன் உச்சியில் பல டிகிரிக்கு அசையாத மாதிரியே இருக்கும், கண்ணால் பிடிக்க முடியாது. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதற்குள் ஒரு போல்ட்டை வைத்து வெல்டு அடித்து, நுனியை மழுங்கத் தேய்த்து வைத்திருக்கிறேன். அதைப் பிளக் இடத்தில் மாட்டி, கிராங்க்கை மெதுவாக வலப்பக்கம் சுற்றினால் பிஸ்டன் போல்ட்டில் முட்டி நிற்கும். தட்டில் எண்ணைக் குறித்துக்கொண்டு இடப்பக்கம் சுற்றினால் இன்னொரு இடத்தில் முட்டும். இரண்டுக்கும் நட்ட நடுவில் இருப்பது மேல்மட்டம். இரண்டாவது, கேமை முன்னால் தள்ளினால் இன்டேக் வால்வு பிஸ்டனுக்கு நெருக்கமாக வரும். பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் கிளே மண்ணை ஒட்டி, ஹெட்டை மாட்டிக் கையால் சுற்றி, கழற்றி, பதிந்த இடத்தை பிளேடால் வெட்டி அளந்து பாருங்கள். ஒன்றரை மில்லிக்குக் கீழே இருந்தால் நான் மூடமாட்டேன். ராவிய ஓட்டையில் போல்ட்டுக்கு த்ரெட் லாக் (மரையில் தடவும் பசை) கட்டாயம். அது ஓட்டத்தில் கழன்றால் வால்வு, பிஸ்டன் எல்லாம் ஒரே நொடியில் போகும்.

இதெல்லாம் வேண்டாம், டேப்பட்டை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி) மட்டும் ஒழுங்காக வையுங்கள் என்றுதான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வேன். டேப்பட் டைட்டாக இருந்தால் வால்வு சீக்கிரம் திறந்து லேட்டாக மூடும். ரொம்ப டைட் ஆனால் சூட்டில் மூடவே மூடாது, வால்வு கருகும். சத்தம் வருகிறது என்று டேப்பட்டை இறுக்கிக் கேட்கிற வாடிக்கையாளர்கள்தான் எனக்கு அதிகம். லூசாக இருந்தால் சத்தம் கேட்கும், டைட்டாக இருந்தால் சத்தமே கேட்காது, வண்டிக்கு ஆபத்து இரண்டாவதில்தான். எஞ்சின் முழுசாக ஆறிய காலையில், கையேட்டு அளவு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு நழுவ வேண்டும்.

மலைக்கே உள்ள ஒரு விஷயமும் உண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. அங்கே குளிர்ச்சி என்பதால் இரண்டு மூன்று சதவீதம் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். எந்த கேம் போட்டாலும் ஏற்காடு ஒண்டிக்கடை போய்ச் சேரும்போது எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். கார்பரேட்டர் இதை முழுசாகக் கண்டுகொள்ளாது. பெட்ரோல் அந்த அளவு குறையாது, கலவை கெட்டியாகிவிடும், பிளக் கறுக்கும். நாகலூர், செம்மநத்தம் என்று மேலேயே குடியிருக்கும் வண்டிகளுக்கு பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டில் ஒரு அளவு இறக்குவேன். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டுத் திரும்பும் வண்டிகளுக்கு இறக்கமாட்டேன். அதே ஜெட்டோடு மே மாத வெயிலில் ஓமலூர் ரோட்டில் முறுக்கினால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சரியா என்று பார்க்க வேண்டுமானால், ஏற்றத்தில் முழு ரேஸில் கொஞ்ச தூரம் போய், ரோடு அகன்ற இடமாகப் பார்த்து, கிளட்ச் பிடித்து அப்படியே எஞ்சினை அணைத்து, ஓரங்கட்டிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஐடிலில் ஓடவிட்டு அணைத்தால் அந்த நிறம் ஐடிலின் நிறம்தான்.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350, வெறும் 18 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு இந்த மலையில் எப்படி அலட்டாமல் ஏறுகிறது என்று கேட்பார்கள். 70 மில்லி போர், 90 மில்லி ஸ்ட்ரோக், நிதானமான கேம். 2,500-லேயே சிலிண்டர் நிறைய நிரம்பிவிடுகிறது. ஆர்.எக்ஸ். 100-க்கு நல்ல கேம் இருக்கா அண்ணா என்று கேட்ட பையனும் உண்டு. அது டூ ஸ்ட்ரோக், அதில் கேமே கிடையாது, ரீட் வால்வும் போர்ட்டும்தான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கீழும் வேண்டும் மேலும் வேண்டும் என்றால் கம்பெனிகளே கண்டுபிடித்த வழி, ஒரே ஷாப்டில் இரண்டு விதமான கேம். யமஹா ஆர்15-ல் 2018 மாடலிலிருந்து வருகிற வி.வி.ஏ. அதுதான். 7,400 ஆர்.பி.எம்.-ல் ஒரு பின் உள்ளே நழுவி, இன்டேக் வால்வை மென்மையான கேமிலிருந்து முரட்டு கேமுக்கு மாற்றிவிடும். மலையில் ஓட்டிப் பார்த்தால், வளைவுகளில் அடக்கமாக இழுத்து, நேர் ரோட்டில் குணம் மாறுவது நன்றாகத் தெரியும்.

இப்போது வருவதெல்லாம் இன்ஜெக்‌ஷன் வண்டி. உயரத்துக்குத் தகுந்தபடி பெட்ரோலை சென்சார் குறைத்துக்கொள்ளும், ஜெட் வேலை இல்லை. ஆனால் கேமை மாற்றினால் இன்டேக்கில் இருக்கும் வெற்றிட அழுத்தமே மாறிப்போகும், அதைப் பார்த்துப் பெட்ரோல் அளக்கிற கம்ப்யூட்டர் தப்பாக அளக்கும். அதனால் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு கேம் கேட்டு வருகிறவர்களிடம், முதலில் ஈ.சி.யு. மேப்பை, அதாவது அந்தக் கம்ப்யூட்டரின் பெட்ரோல் கணக்கை, மாற்றிக் கொடுக்கிற ஆளைப் பிடி, விலையைக் கேள், அப்புறம் வா என்பேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. வருகிறவர்களுக்கு டேப்பட் வைத்து, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டர் மாற்றி, வெடித்த இன்டேக் ரப்பர் இருந்தால் அதையும் மாற்றி, ஒரு தடவை மலை ஏறிவிட்டு வந்து சொல்லு என்று அனுப்புகிறேன். அதற்கப்புறமும் கேம்தான் வேண்டும் என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.